ஐந்தாம் தளத்தின் வேலைத்தாள்

செப்டம்பர் 4, திங்கள்

பத்தொன்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கையில் இன்று ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள்.

பராமரிப்புத் திட்டமிடுநர் பயிற்சி. எங்கள் சிமெண்ட் ஆலையில் பிளானர் என்றால்தான் புரியும். ஆறு மாதம். நடுவில் ஓர் எழுத்துத் தேர்வு. நவம்பரில் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் பத்து நாட்களில், ஒரு வேலைக்கு நானே முழுத் திட்டம் போட வேண்டும். அது எழுதியபடி நடந்து முடிய வேண்டும். இரண்டும் தேறினால் நான் பிளானர். இல்லாவிட்டால் மறுபடி ஃபிட்டர். முழங்கால் வலியோடு ஃபிட்டர் வேலை பார்க்க முடியாது என்பதால்தான் விண்ணப்பித்தேன். விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பயிற்சி கொடுப்பவர் ஷர்மிளா பேகம். திட்டப் பிரிவின் பொறியாளர், திருச்சிக்காரர், வயது இருபத்தொன்பது. எனக்கு நாற்பத்து நான்கு.

"தனவேல் அண்ணே, தினம் ஒரு நோட்டுல ஏதாவது எழுதுங்க. என்ன எழுதுறீங்கன்னு நான் கேக்க மாட்டேன். கைக்கு எழுத்து பழகணும், அவ்வளவுதான்" என்றார். அதனால்தான் இந்த நோட்டு.

அறையில் இரண்டு மேசைகள் காலியாக இருந்தன. ஒன்றில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகக் கோபுரம் முழுதாகத் தெரியும். அரைத்த கல்மாவு அந்த ஏழு தள இரும்புக் கோபுரத்தின் உச்சியிலிருந்து சூடாகிக்கொண்டே இறங்கிச் சூளைக்குள் போகும். இன்னொரு மேசைக்கு எதிரே வெறும் சுவர். சுவர்ப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது.

செப்டம்பர் 5, செவ்வாய்

நாற்காலி சுழல்கிறது. பழக வேண்டும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

சின்ன கன்வேயரில் பெல்ட் மாற்றுவது எப்படி என்று எழுதச் சொன்னார் மேடம். நான்கு வரி எழுதினேன். அதற்குப் பதினோரு கேள்வி கேட்டார். மின்சாரத்தை நிறுத்துவது யார்? நிறுத்தியாயிற்று என்று உறுதி செய்வது யார்? புது பெல்ட் ஸ்டோரிலிருந்து எந்த வண்டியில் வரும்? வண்டி நிற்க இடம் இருக்கிறதா? பழைய பெல்ட்டை எங்கே போடுவது?

"இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் மேடம்."

"உங்க கைக்குத் தெரியும். அதைப் பேப்பர்கிட்ட சொல்லுங்க. நாளைக்கு அந்த இடத்துக்குப் புதுசா ஒருத்தன் வருவான். அவனுக்குப் பேப்பர் மட்டும்தான்."

சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த வேலையை மனத்துக்குள் செய்து பார்த்தேன். விநோதமாக இருந்தது. சத்தமே இல்லை. போல்ட்டுகள் தாமாகக் கழன்று காற்றில் வரிசையாக நின்றன. பெல்ட் நீரில் மிதக்கும் துணி மாதிரி மெதுவாக விலகியது. நானும் அங்கே இருந்தேன், ஆனால் எடை இல்லாமல். அவசரப்படுத்த ஃபோர்மேன் இல்லை. ஒரு போல்ட் மறந்துவிட்டால் பின்னால் போய் எடுத்து வரலாம். நடக்காத வேலையை நடந்ததுபோலப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் நம்ப முடியவில்லை.

கண்ணைத் திறந்து மூன்று பக்கம் எழுதினேன். மேடம் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி வளர்மதியிடம் சொன்னேன். "பகல்ல தூங்கினதுக்கு இவ்வளவு கதையா?" என்றாள். மகள் யாழினி சிரித்தாள். ஒன்பதாம் வகுப்பு வந்ததிலிருந்து அவளுக்கு நான் எது சொன்னாலும் சிரிப்பு.

செப்டம்பர் 27, புதன்

மேடம் என்னைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அழைத்துப் போனார். கல் நசுக்கும் இயந்திரத்தின் பேரிங்கை எப்போது மாற்றலாம் என்று பார்த்து எழுதும் பயிற்சி.

சுரங்கம் ஊரைவிடப் பெரிய பள்ளம். காலை வெயிலில் அடிவரை வெள்ளை. வெட்டிய சுவரில் கல்லாகிப்போன கடல் நத்தை ஒன்று இருந்தது, சுருண்டு, வண்டிச் சக்கரம் அளவுக்கு. இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல் என்று யாழினியின் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். அங்கே நின்றபோது அதைப் படிக்கவே வேண்டியதில்லை. மேலே தலை தூக்கினால் வானம், நீர்ப்பரப்பு மாதிரி ஆடியது. லாரிகள் சத்தமில்லாமல் அடியில் ஊர்ந்தன. கடலுக்குள் நிற்பவனுக்கு விழுவதற்கு இடமே இல்லை என்று ஒரு நினைப்பு வந்தது. நிம்மதியாக இருந்தது. மேடம் இரண்டு தடவை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது கேண்டீன் வழியாகச் சுற்றி வந்தேன். நேர் வழி கோபுரத்தின் அடியில் போகும். அங்கே பெர்மிட் கவுண்டர் இருக்கிறது. கோபுரத்தில் ஏறுகிற ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி அனுமதிச் சீட்டு கொடுக்கும் இடம். இருதயசாமிதான் அங்கே உட்கார்ந்திருக்கிறான். பதினேழு வருடம் நானும் அவனும் ஒரே ஜோடியாக வேலை பார்த்தவர்கள். இடுப்பில் அடிபட்ட பிறகு அவனுக்கு அந்த நாற்காலி வேலை.

அந்தப் பக்கம் வெயில் அதிகம். அதனால்தான் சுற்றி வந்தேன்.

அக்டோபர் 9, திங்கள்

என் வேலை வந்துவிட்டது. கோபுரத்தின் ஐந்தாம் தளத்தில் கல்மாவு இறங்கும் குழாய்க்குள் தானே மூடித் திறக்கும் ஃப்ளாப் வால்வை மாற்றுவது. முந்நூறு கிலோ. நான்கு பேர், பன்னிரண்டு மணி நேரம்.

"இது நான் மூணு தடவ செஞ்ச வேலை மேடம். கண்ணை மூடினா அப்படியே தெரியும்."

"நல்லது. ஆனா ஒரு தடவ மேல போய்ப் பாத்துட்டு எழுதுங்க. தாள்லயே அதுக்குக் கட்டம் இருக்கு பாருங்க, 'இடம் பார்த்த தேதி'. அது காலியா இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரி மேடம்."

"முழங்காலுக்கு லிஃப்ட் இருக்கு" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தாளைப் பார்த்துச் சொன்னார்.

அக்டோபர் 11, புதன்

லிஃப்ட் பக்கம் போனேன். கூட்டமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 13, வெள்ளி

மழை.

அக்டோபர் 16, திங்கள்

வேலைத்தாள் முடிந்தது. பதினோரு பக்கம்.

மூன்று நாளாக மத்தியானங்களில் கண்ணை மூடி ஐந்தாம் தளத்துக்குப் போய் வந்தேன். எவ்வளவு தெளிவு! மேலே உத்திரம். அதில் சங்கிலி இழுத்து எடை தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிடுகிறேன். வால்வு குழாயைவிட்டு வெளியே வருகிறது, பல் விழுவதுபோல. வடக்குப் பக்கத் தரையில் அதை மெல்ல இறக்கி வைக்கிறேன். கோபுரத்தில் தரை என்பது கிரேட்டிங்தான். இரும்புப் பட்டைகளைப் பின்னிச் செய்த தட்டு, இடைவெளியில் கீழ்த்தளம் தெரியும். நான் மனத்துக்குள் பார்த்த தரையில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக, பால் ஊற்றியதுபோல இருந்தது. அதன்மேல் நடக்க நன்றாக இருந்தது.

'இடம் பார்த்த தேதி' கட்டத்தில் அக்டோபர் 13 என்று எழுதினேன்.

மேடம் கையெழுத்துப் போட்டார். "நீங்க எழுதினத படிச்சா நானே வேலை செஞ்ச மாதிரி இருக்குண்ணே" என்றார். வெகு நாளாக என் வேலையை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. ஆனால் மத்தியானம் கேண்டீனில் சாப்பாடு இறங்கவில்லை. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப்பில் இருந்தவரை என் டூல் பாக்ஸுக்கு நானே சந்தனம் வைப்பேன். இங்கே கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். எனக்கு எதை வைப்பது என்று தெரியவில்லை. பென்சிலை வைத்தேன்.

இருதயசாமி வந்தான். கோலை ஊன்றி இரண்டு மாடிப் படியும் ஏறி, பொரிப் பொட்டலத்தோடு. கிறிஸ்துவன்தான், ஆனால் பொரி கடலை விஷயத்தில் எல்லாக் கடவுளும் ஒன்று என்பான்.

"நீ அந்தப் பக்கமே வர்றதில்ல. அதான் நானே வந்துட்டேன்."

"வேலை ஜாஸ்தி மாப்ள."

"அஞ்சாவது தளம் உனக்குத்தானாமே."

"ஆமா."

"போய்ப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் ஒரு கடலையைத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். வெகு நேரம் உரித்தான்.

"எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"சரி" என்றான். எழுந்து, மேசையைப் பிடித்து, கோலைத் தேடி எடுத்துக்கொண்டு போனான். படியில் அவன் இறங்கும் சத்தம், இரண்டு காலடியும் ஒரு தட்டலுமாக, கடைசிப் படிவரை கேட்டது.

நவம்பர் 4, சனி

எழுத்துத் தேர்வு. நூறு கேள்வி. எந்த வேலை முடிந்தால்தான் எந்த வேலை தொடங்கலாம் என்று கோடு போட்டுக் காட்டும் கேள்விகள் எனக்குச் சுலபமாக இருந்தன. ஒரு கேள்வி: 'திட்டமிடுநர் வேலை நடக்கும் இடத்தை நேரில் பார்ப்பது ஏன் அவசியம்? ஐந்து காரணங்கள் தருக.' ஐந்தும் எழுதினேன். ஆறாவது ஒன்றும் தோன்றியது. எழுதவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. யாழினி ராக்கெட் விட்டாள். "அப்பா, மேல பாருங்க" என்றாள். பார்த்தேன்.

தேர்வில் எண்பத்தொரு மதிப்பெண். பயிற்சிக்கு வந்த மூன்று பேரில் நான்தான் முதல்.

நவம்பர் 20, திங்கள்

காலை ஆறு மணிக்குச் சூளையை நிறுத்தினார்கள்.

வருடம் முழுக்க ஊருக்கு அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அது இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால்தான் தெரியும். வளர்மதி கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் நாய்கள் எழுந்து நின்றன. அதுவரை கேட்காத சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது, யாரோ தேங்காய் துருவுவது, தூரத்தில் ரயில். ஊரே யாரோ ஒருவருடைய தூக்கத்துக்குள் இருப்பதுபோலவும், அவர் புரண்டு படுத்துவிட்டதுபோலவும் இருந்தது.

ஆலைக்குப் போனால் மரங்களில்கூடத் தூசி இல்லை. முந்தைய நாள் மழையில் கழுவிய இலைகள். நான் மறந்தே போயிருந்தேன், அவை பச்சை.

என் வேலை வியாழன் காலை எட்டு மணிக்கு. நான்கு ஆட்களின் பெயரும் வந்துவிட்டது. அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். யாரும் இதற்கு முன் ஐந்தாம் தளம் பார்த்ததில்லை. என் தாள் மட்டும்தான் அவர்களுக்கு.

நவம்பர் 21, செவ்வாய்

மத்தியானம் மேசையில் தலை சாய்த்து, வியாழக்கிழமை வேலையைக் கடைசித் தடவையாக ஓட்டிப் பார்த்தேன். செயின் இறங்கியது. நான்கு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். வால்வு வெளியே வந்தது. ஒருவன் அதைப் பிடித்தபடி வடக்குப் பக்கம் ஓர் அடி பின்னால் வைத்தான். அங்கே தரையே இல்லை. ஓட்டை என்றும் சொல்ல முடியாது. அந்த இடத்தை நான் வரையவே இல்லை. வெறும் வெள்ளைத் தாள். அவன் அதற்குள் போனான். சத்தமே இல்லை. மற்ற மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விழித்துக்கொண்டபோது சட்டை நனைந்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எழுதிவிடுகிறேன். முழங்கால் வலி எனக்கு இல்லை. இருந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டில் நானும் இருதயசாமியும் ஐந்தாம் தளத்தில் இருந்தோம். ஒரு குழாயை மேலே இழுக்க வழி வேண்டியிருந்தது. ஒரு கிரேட்டிங்கை நான் கழற்றி ஓரமாகச் சாய்த்தேன். சுற்றிலும் கயிறு கட்டியிருக்க வேண்டும். ஒரு கொக்கி குறைந்தது. எடுத்து வரலாம் என்று லிஃப்ட் பக்கம் போனேன். மூன்று நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது இருதயசாமி நின்ற இடத்தில் அவன் ஹெல்மெட் மட்டும் உருண்டுகொண்டிருந்தது.

நடுவில் ஒரு சிறு மேடை இருந்ததால் பிழைத்தான். விசாரணையில், தட்டைக் கழற்றியது யார் என்று கேட்டார்கள். முந்தின ஷிஃப்ட் ஆட்களாக இருக்கலாம் என்று யாரோ சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருதயசாமி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான். ஆறு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பியபோது அதைப் பற்றி யாரும் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு கிரேட்டிங்கில் கால் வைத்தால் என் உடம்பு நிற்பதில்லை. இதுதான் விஷயம்.

நவம்பர் 22, புதன்

காலையில் மேடம் வந்ததும் சொல்லிவிட்டேன். "அந்தத் தேதி பொய் மேடம். நான் மேல போகவே இல்ல."

அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தோளில் மாட்டியபடியே நின்றார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு நாலு பேரு அங்க ஏறுறாங்க."

"தெரியும் மேடம்."

"என் கையெழுத்தும் அதுல இருக்கு."

மேசையிலிருந்த தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார். "வேலைய நிறுத்தி வைக்கச் சொல்றேன். இப்ப யாராவது போய்ப் பாக்கணும். உங்களால முடியாதுன்னா நான் போறேன். ஆனா அந்த வேலைய செஞ்ச கண்ணு எனக்கு இல்ல. உங்களுக்குத்தான் இருக்கு."

"போறேன்" என்றேன். என் குரல்தான். வேறு யாரோ சொன்னதுபோலக் கேட்டது.

பெர்மிட் கவுண்டருக்கு இருவரும் போனோம். இருதயசாமி பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"பேரு எழுதவா?"

"எழுது. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"அக்டோபர் பதிமூணாந்தேதி கோபுரத்துல ஏறினது மூணு பேரு. உன் பேரு இல்ல. தாள் என் கைக்கு வந்த அன்னிக்கே பாத்தேன்."

"அப்புறம் ஏன் பேசாம இருந்த?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு நானே மேடத்துக்கிட்ட வந்திருப்பேன்."

"அது இல்ல மாப்ள. அன்னிக்கு... அந்தத் தட்ட கழட்டினது நான்தான்."

மேடம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். இருதயசாமி பேனாவை மூடினான்.

"தெரியும்" என்றான். "கழட்டினப்ப நான் பக்கத்துலதான நின்னேன். போகும்போது நீ சொல்லிட்டுத்தான் போன, 'இருதயம், தரை தொறந்திருக்கு, நகராத'ன்னு. நான் குழாயப் பாத்துக்கிட்டே பின்னால வந்துட்டேன்."

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. இரண்டு வருடமாக அந்த மூன்று நிமிடத்தை நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட என் வாய் திறந்ததாக இல்லை.

"நான் சொன்னேனா?"

"சொன்ன."

"எனக்கு ஞாபகம் இல்லடா."

"உனக்கு இல்லன்னா என்னோடத வச்சுக்க" என்றான். பிறகு மேடத்தைப் பார்த்து, "மேடம், ஒரு அரை மணி நேரம் இந்த நாற்காலில உக்காருவீங்களா? இவனோட நானும் போயிட்டு வந்துடுறேன். டாக்டர் ஏறக்கூடாதுன்னு சொன்னது படியிலதான், லிஃப்ட்ல இல்ல" என்றான்.

மேடம் யோசித்தார். எங்கள் இருவருக்கும் பாதுகாப்பு பெல்ட் எடுத்துக் கொடுத்து, கொக்கியை அவரே இழுத்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பதிவேட்டில் இரண்டு பெயரையும் எழுதினார்.

லிஃப்ட் கதவு ஐந்தாம் தளத்தில் திறந்தது. காற்று. காலுக்குக் கீழே கம்பிகள், கம்பிகளுக்குக் கீழே நான்காம் தளம், அதற்குக் கீழே மூன்று, அதற்குக் கீழே மனிதர்கள் நெல்மணி அளவில். சூளை நின்றிருந்ததால் கோபுரம் அதிரவில்லை. அதுவே பயமாக இருந்தது, உயிர் போன யானையின் முதுகில் நிற்பதுபோல. என் முழங்கால்கள் மடங்கின. இத்தனை நாள் சொன்ன பொய்யை அவை உண்மையாக்கிவிட்டன.

"உக்காந்தே வா. யாரு பாக்கப் போறா" என்றான் இருதயசாமி. என் பெல்ட்டைப் பின்னாலிருந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டான். மறு கையில் கோல். நான் தவழ்ந்தேன். அவன் நொண்டினான். அப்படியே வடக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தோம்.

உத்திரம் நான் எழுதிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு முழம் கீழே புதிதாக ஒரு காற்றுக் குழாய் ஓடியது. போன வருடம் போட்டிருக்கிறார்கள். செயின் பிளாக்கை அங்கே தொங்கவிடவே முடியாது. அது பரவாயில்லை. வால்வை இறக்கி வைக்க நான் குறித்திருந்த கிரேட்டிங் மேலே பார்க்க நன்றாக இருந்தது. குனிந்து, கம்பிகளின் இடைவெளியில் கையை விட்டு அடியில் தாங்கும் இரும்பைத் தொட்டேன். விரல் பட்டதும் துரு அப்பளம்போல உடைந்து உதிர்ந்தது. உதிர்ந்த துண்டு கீழே, கீழே, கீழே போனது. முந்நூறு கிலோவையும் நான்கு பேரையும் நான் அதன்மேல் எழுதி வைத்திருந்தேன்.

நாங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நாலு தட்டு தள்ளி ஒன்று மட்டும் புதுசாகப் பளபளத்தது.

"அதான் என் இடம்" என்றான் அவன். வீட்டு மனையைக் காட்டுபவன்போலச் சொன்னான்.

நவம்பர் 24, வெள்ளி

தாளைத் திருத்தி எழுதினேன். தெற்குப் பக்கம் தற்காலிக உத்திரம், வடக்குப் பக்கம் யாரும் போகாதபடி அடைப்பு. தாங்கும் இரும்பை மாற்றுவது தனி வேலை. இதனால் கிட்டத்தட்ட ஒரு நாள் தாமதம். கூட்டத்தில் மேடத்தைத்தான் எல்லாரும் கேட்டார்கள். அவர் என் பெயரைச் சொல்வதற்கு முன் நானே எழுந்து சொன்னேன்.

இன்று மாலை நான்கு மணிக்கு வால்வு மாறியது. நான்கு பேரும் இறங்கி வந்து கைகழுவினார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஒருவன் என்னிடம், "தாள் நல்லா தெளிவா இருந்துச்சு சார்" என்றான்.

டிசம்பர் 8, வெள்ளி

தேர்வுக் குழு என்னைக் கூப்பிட்டது. மூன்று அதிகாரிகள். பொய்த் தேதியைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னேன். கேட்காத இன்னொன்றையும் சொன்னேன், இரண்டு வருடத்துக்கு முன் தட்டைக் கழற்றியது நான்தான், கயிறு கட்டாமல் போனதும் நான்தான் என்று.

முடிவு: எச்சரிக்கைக் கடிதம். எழுத்துத் தேர்வு செல்லும், செய்முறை செல்லாது. பிப்ரவரியில் வேறொரு வேலைக்கு மறுபடி திட்டம் போட வேண்டும். ஷர்மிளா மேடத்துக்கும் ஒரு விளக்கக் கடிதம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "நானும் உங்களோட ஒரு தடவ மேல வந்திருக்கணும்ண்ணே. பாராட்டிட்டு உக்காந்துட்டேன்" என்றார்.

இருதயசாமியையும் கூப்பிட்டிருந்தார்களாம். நான் எச்சரித்துவிட்டுத்தான் போனேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

வீட்டில் வளர்மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"முழங்கால் வலின்னா தைலம் கேப்பாங்க. ரெண்டு வருஷமா ஒரு நாள் கேட்டதில்ல" என்றாள். "தூக்கத்துல கட்டில் சட்டத்தைப் புடிச்சுக்கிட்டே படுக்குறீங்க. என்னைக்காவது சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

எத்தனை பேர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 15, வியாழன்

இரண்டாவது வேலை, சுண்ணாம்புக்கல் அரைக்கும் இயந்திரத்தின் பற்சக்கரப் பெட்டி. நான்கு தடவை போய்ப் பார்த்தேன். நான்கு தேதியும் எழுதினேன். முதல் தடவை பார்த்தபோது வியர்த்தது என்பதை எழுதக் கட்டம் இல்லை.

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக முடிந்தது.

மார்ச் 19, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. பராமரிப்புத் திட்டமிடுநர், இரண்டாம் நிலை. மேடம் கைகொடுத்தார். கூடவே ஒரு வேலைச் சீட்டையும் கொடுத்தார். மூன்றாம் தளத்தில் ஒரு கதவு நெளிந்திருக்கிறதாம்.

கவுண்டரில் இருதயசாமி என் பெயரை எழுதினான். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி."

"இறங்கி வா. டீ வாங்கி வைக்கிறேன், உன் பேருல."

எத்தனையோ தடவை கேட்கத் தோன்றியிருக்கிறது, அன்று நான் உண்மையிலேயே சொன்னேனா என்று. இன்றும் வாய்வரை வந்தது. அவன் பேனாவைச் சட்டைப்பையில் செருகி, கோலை எடுத்துக்கொண்டு கேண்டீன் பக்கம் கிளம்பிவிட்டான்.

மூன்றாம் தளத்தில் சூளையின் அதிர்வு கால்வழியாக ஏறியது. கதவை அளந்தேன். கீலின் படம் வரைந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். காலைத் தூசி வெயிலில் மிதந்தது. ஆலை முழுவதும் மூச்சு விட்டதுபோல மங்கித் தெளிந்து, மறுபடி மங்கியது.

அப்போது கீழே அவன் வந்தான். ஒரு கையில் கோல், மறு கையில் இரண்டு கிளாஸ் வைத்த கம்பிக் கூடை. இரண்டு அடி வைப்பான், நிற்பான், கிளாஸைப் பார்ப்பான், மறுபடி இரண்டு அடி. ஒரு லாரி வந்தது. நின்று வழி விட்டான். தூசி அடங்கும்வரை கூடையின்மேல் குனிந்து உடம்பால் மறைத்துக்கொண்டான். பிறகு நடந்தான். கவுண்டர் வாசல்வரை ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று நினைக்கிறேன்.

என் இரண்டு கால்களுக்கும் நடுவே, கம்பிகளின் இடைவெளியில், அதை முழுதும் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே பார்க்கிறேன் என்பது அவன் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.